வடசென்னையில் பெய்வது அமில மழையா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிப் பார்க்கிறேன். வடசென்னையில் அனல்மின் நிலையத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி வீடு. கோடை முடிந்து பெய்த முதல் மழையில், மொட்டைமாடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டியில் சாம்பல் நிறப் புள்ளிகள். இது அமில மழையா, பிள்ளைகள் நனையலாமா, மழைநீர்த் தொட்டித் தண்ணீரைச் சமையலுக்கு எடுக்கலாமா, தாஜ்மகாலுக்கு ஆனது நம் கோயில்களுக்கும் ஆகுமா, தடுக்க வழி உண்டா? ஐந்து கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: அந்தப் புகைபோக்கி வழியே போகும் கந்தகம் கடைசியில் எங்கே இறங்குகிறது? நான் வேதியியல் படித்து, மழைநீரும் குடிநீரும் சோதிக்கும் ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்தவன். மருத்துவன் இல்லை. உடல்நலம் பற்றி நான் எழுதுவதை அந்த அளவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வேட்டி. புள்ளி விழுந்ததை வைத்து அமில மழை என்று சொல்ல முடியாது. மழையில் கரைந்திருக்கும் அமிலத்துக்கு நிறம் கிடையாது, துணியில் அது கறையும் விடாது. நீங்கள் பார்த்தது பெரும்பாலும் சாம்பல் தூசியும் கரித்துகளும். மாதக்கணக்கில் காற்றில் மிதந்ததையும் மரத்திலும் கூரையிலும் படிந்ததையும் முதல் மழை கழுவிக் கொண்டுவருகிறது. நிலக்கரிச் சாம்பல் பெரும்பாலும் காரத்தன்மை உள்ளது. எனவே அது மழையின் அமிலத்தைக் குறைக்கத்தான் செய்யும். ‘முதல் மழையில்தான் அமிலம் அதிகம்’ என்று நம்மிடையே ஒரு நம்பிக்கை இருக்கிறது. தூசி அதிகமுள்ள இந்திய ஊர்களில் பல நேரம் நேர் எதிராக நடக்கும். முதல் மழை அழுக்காக இருக்கும், ஆனால் அமிலம் குறைவாக இருக்கும். தூசியெல்லாம் கழுவப்பட்டு வானம் பளிச்சென்று ஆனபிறகு, பருவமழையின் பிற்பகுதியில் பெய்யும் சுத்தமான மழையில்தான் பிஎச் இறங்கும், அதாவது அமிலம் கூடும்.

பிஎச் என்பது அமிலத்தை அளக்கும் எண் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். 7 என்றால் நடுநிலை, அதற்குக் கீழே போகப்போக அமிலம். ஒரு எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு கூடுகிறது என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். எந்த மாசும் இல்லாத மழையே 7-இல் இருக்காது. காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு கரைவதால் அது 5.6 அளவில் நிற்கும். அதற்குக் கணிசமாகக் கீழே போனால்தான் வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது என்று பொருள். அந்த வேறு ஏதோ, பெரும்பாலும் இரண்டு. நிலக்கரியிலும் எண்ணெயிலும் உள்ள கந்தகம் எரிந்து வரும் கந்தக டைஆக்சைடு ஒன்று. வண்டி, கொதிகலன், உலை என்று எங்கெல்லாம் அதிக வெப்பத்தில் எரிப்பு நடக்கிறதோ அங்கெல்லாம் பிறக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகள் இன்னொன்று. முன்னது கந்தக அமிலமாகவும் பின்னது நைட்ரிக் அமிலமாகவும் மாறுகிறது. கந்தக டைஆக்சைடு வெறும் காற்றில் மாறுவதற்கு நாள்கணக்கில் ஆகும். மேகத்துளிக்குள் போய்விட்டால், அங்கிருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடின் தயவில் வேலை சட்டென்று முடிந்துவிடும்.

நாள்கணக்கில் ஆகும் என்பதுதான் உங்கள் கேள்விக்கு முக்கியம். அதற்குள் காற்று அதை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூக்கிக்கொண்டு போய்விடும். ஆகவே உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள புகைபோக்கியின் அமிலம் பெரும்பாலும் உங்கள் மாடியில் விழாது. தென்மேற்குக் காற்று காலத்தில் பெரும்பகுதி வங்கக்கடல் பக்கம் போகும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து காற்று வீசும்போது நகரத்துக்குள்ளும் அதைத் தாண்டி மேற்கேயும் வரும். உங்கள் வீட்டுப் பக்கம் வந்து சேர்வது வாயுவாகவே இருக்கும் கந்தக டைஆக்சைடும் சாம்பலும்தான்.

சரி, மழையின் பிஎச் எவ்வளவு என்று நீங்களே அளந்து பார்க்கலாமா என்ற கேள்வியும் எழும். கடையில் விற்கும் லிட்மஸ் தாள், பிஎச் தாள் எதுவும் இதற்கு உதவாது. மழைநீரில் உப்பு மிகக் குறைவு. தாளில் உள்ள சாயமே அந்த நீரின் பிஎச்சை மாற்றிவிடும். நல்ல பிஎச் மீட்டரை வைத்தாலும் முள் நிலைகொள்ளாமல் நிமிடக்கணக்கில் நகர்ந்துகொண்டே இருக்கும், பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை, மாதிரி எடுப்பது. மாடியில் ஒரு வாளியைத் திறந்தபடி வைத்துவிட்டால், மழைக்கு முன்பே தூசியும் காக்கை எச்சமும் அதில் சேர்ந்துவிடும். அப்புறம் நீங்கள் அளப்பது மழையை அல்ல. மழைத்துளி பட்டால் மட்டும் மூடி திறந்து, நின்றதும் மூடிக்கொள்ளும் கருவியில்தான் முறையாகச் சேகரிப்பார்கள். சேகரித்த நீரைச் சும்மா வைத்தால் நுண்ணுயிர்கள் அதிலுள்ள அம்மோனியத்தையும் கரிம அமிலங்களையும் தின்றுவிடும். காலையில் எடுத்த அளவும் மறுநாள் அளவும் ஒத்துப்போகாது. இதைத் தடுக்க ஒரு சிட்டிகை தைமால் போடுவோம். நாட்டு மருந்துக் கடையில் ஓம உப்பு என்று கொடுப்பார்களே, அதே பொருள்தான். ஆய்வக அறை முழுக்க ஓம வாசனை அடிக்கும்.

கடலோரம் என்றால் இன்னொரு கணக்கும் உண்டு. உங்கள் பகுதி மழையில் சல்பேட், அதாவது கந்தக அமிலத்தின் உப்பு வடிவம், அதிகம் என்று ஒருவர் ஆய்வக அறிக்கையைக் காட்டினால் பதறிவிட வேண்டாம். கடல் உப்பிலேயே சல்பேட் இருக்கிறது, அதில் அமிலம் கிடையாது. சோடியத்தின் அளவை வைத்து, கடலிலிருந்து வந்த பங்கைக் கழித்துவிட்டு, மிச்சத்தைத்தான் புகைபோக்கியின் கணக்கில் எழுத வேண்டும். இந்தக் கழித்தல் இல்லாத அறிக்கையை நான் நம்ப மாட்டேன்.

இப்போது, நம் நாட்டில் அமில மழை இருக்கிறதா? உறுதியாகச் சொல்லக்கூடியது இது: இந்தியாவின் பெரும்பகுதியில் ஐரோப்பாவிலும் வடகிழக்கு அமெரிக்காவிலும் கண்ட அளவுக்கு அமில மழை இதுவரை வந்ததில்லை. நம் நிலக்கரியில் சாம்பல் 35, 40 சதவீதம் என்று கொட்டிக்கிடந்தாலும் கந்தகம் பொதுவாக அரை சதவீதத்தை ஒட்டியே இருக்கும். அதைவிட முக்கியம் மண்தூசி. ராஜஸ்தான், கங்கைச் சமவெளி மண்ணில் சுண்ணாம்புச் சத்து அதிகம். அது காற்றில் ஏறி அமிலத்தை நடுநிலையாக்கிவிடுகிறது. ஆக்ராவிலும் டெல்லியிலும் மழையின் பிஎச் 6-க்கு மேலே, சில சமயம் 7 வரைகூட இருந்ததாகப் பழைய ஆய்வுகள் காட்டுகின்றன. அத்தனை ஆலைகள் நடுவில் சுத்தமான மழையைவிடக் காரமான மழை!

ஆனால் இந்தக் காவல் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை. வடகிழக்கு மாநிலங்கள், கிழக்குக் கடற்கரை, மேற்குத் தொடர்ச்சி மலை போன்ற இடங்களில் தூசி குறைவு, மழை அதிகம், மண்ணும் ஏற்கெனவே அமிலமானது. இந்திய வானிலைத் துறை பல பத்தாண்டுகளாகச் சில இடங்களில் மழைநீரைச் சேகரித்து வருகிறது. கோடைக்கானல், மினிக்காய், போர்ட் பிளேர், ஜோத்பூர், ஸ்ரீநகர், பிரயாக்ராஜ், விசாகப்பட்டினம், அசாமின் மோகன்பாரி ஆகியவை அதில் அடக்கம். 1987 முதல் 2021 வரையிலான அந்தப் பதிவில் விசாகப்பட்டினம், பிரயாக்ராஜ், மோகன்பாரி ஆகிய மூன்று இடங்களில் பிஎச் தெளிவாக இறங்கியிருக்கிறது. ஆகவே ‘இந்தியாவில் அமில மழை இல்லை’ என்பதும் ‘எங்கும் அமில மழை’ என்பதும் இரண்டுமே தப்பு. உங்கள் தெருவில் பெய்யும் மழை எந்தப் பக்கம் என்பதை ஒரு பருவம் முழுக்க அளக்காமல் யாரும் சொல்ல முடியாது, நானும் சேர்த்துத்தான்.

சந்தேகத்துக்கே இடமில்லாத பாதிப்பு எங்கே நடந்தது என்றால் ஸ்காண்டிநேவியாவிலும் கிழக்கு வட அமெரிக்காவிலும். மான்செஸ்டர் மழையில் அமிலம் இருப்பதை வேதியியலாளர் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் 1852-லேயே எழுதிவிட்டார், யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1952 டிசம்பரில் லண்டனைப் புகைமூட்டம் சூழ்ந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தபிறகு பிரிட்டன் விழித்துக்கொண்டது. அது கையாண்ட வழிகளில் ஒன்று மின்நிலையப் புகைபோக்கிகளை உயரமாகக் கட்டுவது. ஊருக்குள் காற்று தெளிந்தது. கந்தகம் மட்டும் வடகடலைத் தாண்டி நார்வேயிலும் சுவீடனிலும் போய் இறங்கியது. 1967-இல் சுவீடன் மண்ணியலாளர் ஸ்வான்தே ஓடேன் ஒரு நாளிதழில் இதை உடைத்துச் சொன்னார். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் காட்டில் ஹப்பர்ட் புரூக் என்ற இடத்தில் சூழலியலாளர் ஜீன் லைக்கன்ஸ் குழுவினர் 1963-இல் எடுக்கத் தொடங்கிய மழை மாதிரிகள் 4-ஐ ஒட்டிய பிஎச் காட்டின. பக்கத்தில் பெரிய ஆலை எதுவும் இல்லாத காடு அது.

அங்கெல்லாம் மீன் செத்தது அமிலத்தால் மட்டுமல்ல. அடிப்பாறை கிரானைட்டாக இருந்து மேல்மண்ணும் மெலிதாக இருந்தால், அமிலத்தை எதிர்க்கச் சுண்ணாம்பு இருக்காது. கொஞ்சநஞ்சம் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் அடித்துச் செல்லப்படும். அதன்பின் மண்ணில் கெட்டியாகக் கிடந்த அலுமினியம் கரைந்து ஓடைக்கு வரும். அது மீனின் செவுளில் படிந்து மூச்சை அடைத்துவிடும். பிஎச் 5 அளவில் பெரும்பாலான மீன் முட்டைகள் பொரிக்காது. வயதான பெரிய மீன்கள் மட்டும் கொஞ்ச காலம் நீந்திக்கொண்டிருக்கும், குஞ்சே இருக்காது. தெற்கு நார்வே ஆறுகளில் சால்மன் அழிந்தது இப்படித்தான். காடுகள் விஷயத்தில் இவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன். செக், போலந்து, கிழக்கு ஜெர்மனி எல்லையில் பழுப்பு நிலக்கரிப் புகையில் ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரக் காடுகள் மலைமலையாகப் பட்டுப்போனது உண்மை. ஆனால் 1980-களில் ‘ஜெர்மனியின் காடே அழிந்துவிடும்’ என்று எழுதிய அளவுக்கு நடக்கவில்லை. வறட்சி, பூச்சி, உறைபனி எல்லாம் கலந்த கதை அது. நம் பக்கம் நீலகிரித் தேயிலை மண் அமிலமாக இருப்பதற்கு மழையைக் குற்றம் சொல்பவர்களும் உண்டு. கனமழையால் சத்து கழுவப்படுவதும் அம்மோனியம் சல்பேட் உரமும் அதைவிடப் பெரிய காரணங்கள். கேரளத்தில் 2001-இல் பெய்த சிவப்பு மழைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அதன் நிறத்துக்குக் காரணம் ஒரு பாசியின் வித்துகள்.

தாஜ்மகாலுக்கு வருவோம். பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட். கந்தக அமிலம் பட்டால் ஜிப்சமாக மாறி உதிரும், வேதியியலில் இதில் மறுபேச்சு இல்லை. ஆக்ராவுக்குப் பக்கத்து ஊரான மதுராவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1982-இல் தொடங்கியது, சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா 1984-இல் வழக்குப் போட்டார், உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 30 அன்று அந்த வட்டாரத்து 292 ஆலைகள் இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும், இல்லையேல் இடம்பெயர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் கட்டடம் மஞ்சளாகத் தெரிவதற்குக் காரணம் அமில மழை என்று பாடப்புத்தகம் சொல்வதை அப்படியே ஏற்க முடியாது. அமிலத்தால் பளிங்கு சொரசொரப்பாகும், மஞ்சள் நிறம் வராது. ஐஐடி கான்பூர் ஆய்வாளர்களும் பங்கெடுத்த ஒரு ஆய்வு, படிந்த துகள்களைப் பார்த்துவிட்டு, குப்பையும் விறகும் எரிப்பதில் வரும் பழுப்புக் கரிமத்தையும் தூசியையும்தான் முதன்மையாகக் காட்டியது. தொல்லியல் துறை முல்தானி மிட்டி பூசிக் கழுவி எடுப்பதும் அந்தப் படிவைத்தான்.

தஞ்சைப் பெரிய கோயில் கிரானைட். அதில் கரைவதற்குக் கார்பனேட் கிடையாது, ஆகவே தாஜ்மகால் கதை அங்கே பொருந்தாது. நீங்கள் கவலைப்பட வேண்டியது கோபுரங்களின் மேலுள்ள சுதைச் சிற்பங்களைப் பற்றி. சுண்ணாம்புச் சாந்தில் செய்தவை அவை, பளிங்கைப் போலவே அமிலத்துக்கு இளகும். ஆலைப்பகுதிக்குப் பக்கத்தில் இருந்தால் குடமுழுக்கு வரை காத்திராமல் நடுவில் ஒருமுறை பார்ப்பது நல்லது. மாமல்லபுரத்தில் கல்லை அரிப்பதில் கடல் உப்புக்காற்றின் பங்குதான் பெரிது.

பிள்ளைகள் நனைவதைப் பற்றி. நாம் தினமும் சாப்பிடும் தயிரின் பிஎச் சுமார் 4.5. அமில மழை என்று பதிவானவற்றில் பெரும்பாலானவையும் ஏறக்குறைய அந்த அளவுதான். தோல் வெந்துவிடும், முடி கொட்டும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதற்கு ஆதாரம் இல்லை. தீங்கு வருவது நாம் மூச்சில் இழுக்கும் காற்றிலிருந்து. மழையில் இறங்காத கந்தகம் சும்மா இருப்பதில்லை. காற்றிலுள்ள அம்மோனியாவுடன் சேர்ந்து அம்மோனியம் சல்பேட் என்ற நுண்துகளாக மாறுகிறது. பிஎம் 2.5 என்று செய்தியில் படிக்கிறீர்களே, அதில் இதற்கும் நல்ல பங்கு உண்டு. கந்தக டைஆக்சைடு வாயுவே ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பைக் கிளப்பும். ஆகவே மழை காரமாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் நிம்மதி அடைய அதில் ஒன்றுமில்லை. நுரையீரலுக்குப் போகும் கணக்கை மழையின் பிஎச் காட்டாது.

தொட்டித் தண்ணீரைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். காரணம் அமிலம் அல்ல, சாம்பல். சிமென்ட் தொட்டி என்றால் இருக்கும் கொஞ்ச அமிலத்தையும் சிமென்ட்டே முறித்துவிடும். சாம்பலில் ஆர்செனிக், ஈயம் போன்றவை சிறு அளவில் இருக்கும் என்பதால்தான் தயங்குகிறேன். துத்தநாகத் தகடு வேய்ந்த கூரை, பழைய உலோகக் குழாய் வழியே தண்ணீர் வந்தால் அமிலம் அவற்றைக் கரைக்கும் வாய்ப்பும் சேர்ந்துகொள்ளும். ஒவ்வொரு மழையிலும் முதல் சில நிமிடத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு அப்புறம் தொட்டிக்குத் திருப்புங்கள், வருடத்துக்கு ஒருமுறை வண்டலை அள்ளுங்கள். துவைக்க, தோட்டத்துக்கு, கழிவறைக்கு அது போதும். குடிக்கத்தான் வேண்டுமென்றால் ஆய்வகத்தில் கொடுத்து உலோகங்களைச் சோதியுங்கள். இந்தியக் குடிநீர்த் தரத்தில் பிஎச் 6.5 முதல் 8.5 வரை, ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும்.

தடுப்பதைப் பற்றி. ஒரு சுற்றுச்சூழல் பிரச்சினைக்கு வழி தெரிந்து, அது வேலையும் செய்தது என்றால் இதுதான். புகையைச் சுண்ணாம்புக்கல் கலந்த நீரில் குளிப்பாட்டினால் கந்தகத்தில் 90 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடலாம். மின்துறையில் எஃப்ஜிடி என்பார்கள். கிடைக்கும் ஜிப்சத்தைச் சிமென்ட் ஆலைகள் வாங்கிக்கொள்ளும். கடலோர நிலையங்களில் கடல்நீரையே பயன்படுத்தலாம். 1979-இல் எல்லை தாண்டும் காற்று மாசு பற்றிய ஜெனீவா உடன்படிக்கை, 1990-இல் அமெரிக்கத் தூய காற்றுச் சட்டத் திருத்தம், இந்த நூற்றாண்டில் சீனா என்று வரிசையாகச் செய்து காட்டிவிட்டார்கள். அமெரிக்க மின்நிலையங்களின் கந்தக டைஆக்சைடு 1990 அளவிலிருந்து 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. சுவீடனில் ஆயிரக்கணக்கான ஏரிகளில் சுண்ணாம்பு கொட்டினார்கள், ஆனால் அது மருந்து போட்டுக்கொண்டே இருப்பதுதான். மண் இழந்த கால்சியம் லேசில் திரும்பாது. மழை சரியான பிறகும் ஹப்பர்ட் புரூக் காட்டின் மண் இன்னும் பழைய நிலைக்கு வரவில்லை.

நம் நாட்டில் பெட்ரோல், டீசலில் பிஎஸ் 6 என்ற மாசுக் கட்டுப்பாட்டுத் தரம் வந்த 2020 ஏப்ரலில் இருந்து கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்குள் வந்துவிட்டது. அங்கே பாராட்டலாம். அனல்மின் நிலையங்களுக்கு 2015 டிசம்பரில் கந்தக வரம்பு விதித்தார்கள், கெடு மாறி மாறித் தள்ளிப்போனது. 2025 ஜூலையில் வந்த அறிவிக்கை பெரும்பாலான நிலையங்களுக்கு அந்த வரம்பிலிருந்தே விலக்கு அளித்துவிட்டது. நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு, காற்றில் கந்தக டைஆக்சைடு தர அளவுக்குள்தான் இருக்கிறது, செலவு அதிகம் என்பவை அரசுத் தரப்பு வாதங்கள். முதல் இரண்டும் எண்ணளவில் தப்பில்லை. ஆனால் வாயுவை மட்டும் அளந்தால், துகளாக மாறிய கந்தகம் கணக்கில் வராது. விலக்குக்கு வைத்த நிபந்தனை புகைபோக்கியின் உயரம். பிரிட்டன் செய்ததும் அதுதானே? இன்னொரு விஷயமும் எனக்கு உறுத்துகிறது. சாம்பலையும் தூசியையும் நாம் ஒழுங்காகக் கட்டுப்படுத்தத் தொடங்கினால், கட்டுப்படுத்தத்தான் வேண்டும், மழையின் அமிலத்தை முறித்துக்கொண்டிருந்த சுண்ணாம்பும் சேர்ந்து குறையும். கந்தகத்தை விட்டுவிட்டுத் தூசியை மட்டும் பிடித்தால் பிஎச் இன்னும் இறங்கும்.

மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழியுங்கள் என்பதோடு பாடப்புத்தகம் முடித்துக்கொள்ளும். உங்கள் வீட்டு மின்விசிறியை நிறுத்தி இந்தக் கந்தகம் குறையப்போவதில்லை. உங்களால் ஆவது வேறு. அந்த 2025 அறிவிக்கையின்படி, பத்து லட்சம் மக்கள்தொகைக்கு மேற்பட்ட நகரத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் உள்ள நிலையங்கள் ‘ஏ’ பிரிவு. அவற்றுக்கு விலக்கு இல்லை, 2027 டிசம்பருக்குள் வரம்புக்குள் வந்தாக வேண்டும். உங்கள் பக்கத்து நிலையத்தின் ஒவ்வொரு அலகும் எந்தப் பிரிவில் வருகிறது, எஃப்ஜிடி வேலை எந்த நிலையில் இருக்கிறது, புகைபோக்கியில் தொடர்ந்து அளக்கும் கருவி கடந்த வருடம் காட்டிய கந்தக டைஆக்சைடு அளவு என்ன என்ற மூன்றையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேளுங்கள். பதில் வந்தால் எண்களை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.